மங்கிப்போன முகம்

கொல்லிமலைக்கு ஒரு பொம்மைக் கதை உண்டு.

மலையைக் காப்பதற்காக தெய்வம் செய்துவைத்த பாவை அது. அழகான பெண் உருவம். பக்கத்தில் வருபவர்களைச் சிரித்தே மயக்கிக் கொன்றுவிடும்! சங்கப் புலவர்களுக்கு இந்தப் பாவை மேல் தனிப் பிரியம். தலைவி அழகு என்று சொல்ல வேண்டுமா? ‘கொல்லிப்பாவை மாதிரி’ என்று சொன்னால் முடிந்தது. நற்றிணையில் பரணர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், அட, பூமியே குலுங்கினாலும் அந்தப் பாவையின் உருவம் மாறாதாம்!

கேமரா வைத்திருப்பவர்கள் பொறாமைப்பட வேண்டிய விஷயம் இது. நாம் எடுக்கிற உருவங்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. இடி, பூகம்பம் எல்லாம் எதற்கு... கொஞ்சம் ஈரக்காற்று போதும், கதை முடிந்துவிடும். இதை நான் தெரிந்துகொண்டதும் அதே கொல்லிமலையில்தான்.

2008-ம் வருடம், ஐப்பசி மாதம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, குண்டூர் நாட்டுக்குப் போயிருந்தேன். ‘நாடு’ என்றதும் பாஸ்போர்ட் வேண்டுமோ என்று யோசிக்காதீர்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் நாடு என்பது ஒரு நிர்வாகப் பிரிவு. கொல்லிமலையில் அந்தச் சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று இங்கே பதினான்கு ஊராட்சிகளும் நாடுகள்தான். அவற்றில் ஒன்று குண்டூர் நாடு.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினோம். “உள்ள வாங்க தம்பி, சாரல் அடிக்குதுல்ல” என்று கூப்பிட்டார் ஓர் ஆயா. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பானையில் ஏதோ கொதிக்க, கொடியில் ஈரத்துணி காய, வீடே கதகதப்பாக இருந்தது. நான் போட்டோ எடுப்பவன் என்று கூட வந்தவர் சொன்னதும், ஆயா பரணில் கைவிட்டு ஒரு துணி முடிச்சை எடுத்தார். அதற்குள் உள்ளங்கை அளவு கறுப்பு வெள்ளைப் படம். மீசை வைத்த ஒரு மனிதர், விறைப்பாக நாற்காலியில்!

“எங்க வீட்டுக்காரரு. ஒருக்கா சேந்தமங்கலத்துக்கு சந்தைக்குப் போனப்ப ஸ்டுடியோவுல எடுத்தது. இது ஒண்ணுதான் இருக்கு. இதைப் பெருசா ஆக்கித் தர முடியுமா தம்பி?”

“இதென்ன பிரமாதம்” என்றேன். காரிலிருந்து கேமராவை எடுத்து வரச் சொன்னேன். வழி முழுக்க ஏ.சி. காற்று நேராகப் படுகிற இடத்தில்தான் அது உட்கார்ந்திருந்தது. மூடியைத் திறந்தால் லென்ஸில் பனி! சட்டை நுனியால் துடைத்தேன். கிளிக். மறுபடி பனி. மறுபடி துடைப்பு. கிளிக். இப்படி நாலு படம். அந்த அரை இருட்டில், தீப்பெட்டி அளவு திரையில் பார்த்தபோது நன்றாகத்தான் தெரிந்தது.

கிளம்பும்போது பெரிய மனிதத் தோரணையில் ஒரு யோசனையும் சொன்னேன். “ஆயா, இந்தப் படத்தைத் துணியில எல்லாம் சுத்தி வைக்காதீங்க. புகை படியுது பாருங்க... இந்தாங்க, இந்தப் பிளாஸ்டிக் கவர்ல போட்டு, டிரங்குப் பெட்டியில பத்திரமா வைங்க.”

அந்த யோசனையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

ஊருக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்தேன். திடுக்கென்றது. நாலு படத்திலும் அந்த மனிதரின் முகத்துக்கு முன்னால் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டது மாதிரி ஒரு மங்கல்!

நடந்தது ரொம்ப எளிமையான விஷயம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டிலை வெளியே வைத்தால் வியர்க்கிறதல்லவா? அதேதான். குளிர்ந்த கண்ணாடி மேல் வெதுவெதுப்பான ஈரக்காற்று பட்டால், காற்றிலுள்ள நீராவி அதன் மேல் துளித்துளியாகப் படியும். கண்ணாடி சூடேறும் வரை எத்தனை தடவை துடைத்தாலும் திரும்பத் திரும்பப் படியும். கேமராவைப் பையோடு கொண்டுவந்து, ஜிப்பைத் திறக்காமல் ஓர் அரை மணி நேரம் அந்த வீட்டுக்குள் சும்மா வைத்திருந்தால் போதும். மழை விட ஒரு மணி நேரம் ஆயிற்று. எனக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான்!

இந்த ஈரத்தோடு போராடுவது நேற்று இன்று ஆரம்பித்த விவகாரம் அல்ல. போட்டோகிராபி நம் ஊருக்கு வந்த நாளிலிருந்தே உண்டு.

1839-ல் பாரிஸில் டாகேர் தன் கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்தார். சீக்கிரமே கேமரா இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டது. 1856-ல் சென்னையில் போட்டோகிராபிக் சொசைட்டியே ஆரம்பித்துவிட்டார்கள். அதே வருடம் சென்னை மாகாண அரசு, தனக்கென்று ஓர் அதிகாரபூர்வ போட்டோகிராபரை நியமித்தது. பெயர், கேப்டன் லினேயஸ் ட்ரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரி.

மனிதர் ஈரத்தில் ஏற்கெனவே அடிபட்டவர். 1855-ல் பர்மாவுக்கு ஒரு தூதுக்குழுவோடு அனுப்பப்பட்டார். மழை, உடம்புக்கு முடியாமல் போவது, தூதுக்குழுவின் அவசரம்... எல்லாவற்றுக்கும் நடுவே 200-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களோடு திரும்பினார்!

அப்போது இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று, கண்ணாடித் தகடு. அதில் கொலோடியன் என்ற பசையைத் தடவி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, அங்கேயே டெவலப் செய்துவிட வேண்டும். மொத்தமும் சில நிமிடங்களுக்குள்! போகிற இடமெல்லாம் இருட்டுக் கூடாரத்தையும் சுமந்துகொண்டு போக வேண்டும். நம் ஊர் வெயிலில் பசை சீக்கிரம் காய்ந்து தொலைக்கும். இன்னொன்று, காகித நெகட்டிவ். முன்கூட்டியே தயார் செய்துகொள்ளலாம், உடையாது, கனமில்லை. ட்ரைப் தேர்ந்தெடுத்தது காகிதம். ஆனால் காகிதத்துக்கு ஈரமும் பகை, சூடும் பகை. தயாரிப்பில் கொஞ்சம் பிசகினாலும் படம் போச்சு.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு சேலம் மாவட்டம், ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். 1858-ல் வெளிவந்த அவருடைய தொகுப்புகளில் ஒன்றின் பெயரே, ராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் மற்ற இடங்களும் என்பதுதான். நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997-ல். ட்ரைப் வந்தபோது கொல்லிமலை சேலம் மாவட்டத்து மலை!

தஞ்சையில் அவர் செய்ததுதான் சாதனை. பெரிய கோயிலின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடுகிற கல்வெட்டை அப்படியே படமாக்க நினைத்தார். ஒரே படத்தில் அடங்குகிற விஷயமா அது? அடுத்தடுத்து 21 படங்கள் எடுத்து, அச்சிட்டு, ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்குச் சுருளாக்கினார். வெளிச்சம், தூரம், ரசாயனம் எதிலாவது ஒன்றில் சறுக்கினால் சங்கிலி அறுந்துவிடும். அவருடைய உதவியாளர்களில் சி.ஐயாசாமி என்ற நம் ஆள் ஒருவரும் இருந்தார்.

அந்தச் சுருள் இன்றும் லண்டன் மியூசியத்தில் இருக்கிறது. அவர் 21 எடுத்தார், நிற்கிறது. நான் நாலு எடுத்தேன்... விடுங்கள்!

ட்ரைப்பின் வேலை ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1859-ல் சென்னைக்கு கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், ‘அரசாங்கத்துக்கு எதற்கு இந்த ஆடம்பரம்?’ என்று நினைத்து மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்.

பிறகு வந்த கேமரா கம்பெனிகள் நம் சீதோஷ்ணத்தைப் பார்த்து பயந்தன. மரத்தை வெறும் பசையால் ஒட்டினால் புழுக்கத்தில் பிரிந்துவிடும். எனவே, ‘டிராபிகல்’ என்றே தனியாக கேமராக்கள் தயாரித்தார்கள். தேக்கு மர உடம்பு, மூலைக்கு மூலை பித்தளைப் பட்டை, திருகாணி. துருத்தி மாதிரி விரியும் பகுதிக்குப் பூச்சிகளுக்குப் பிடிக்காத வாசனையுள்ள தோல். இன்று பழம்பொருள் கடைகளில் தங்கம் மாதிரி மின்னும் அந்த கேமராக்களைப் பார்த்தால், ‘அடடா, என்ன கலைநயம்’ என்போம். கலைநயமும் இல்லை, ஒன்றும் இல்லை... நம் ஊர் மழைக்கும் கரையானுக்கும் போட்ட கவசம் அது!

1871-ல் ரிச்சர்ட் மேடக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர், கொலோடியனுக்குப் பதில் ஜெலட்டினைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். போட்டோகிராபியை எல்லோர் கைக்கும் கொண்டுவந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஜெலட்டின் என்பது என்ன? மாட்டு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கிற புரதம். அதாவது, பூஞ்சைக்குக் கல்யாணச் சாப்பாடு! ஃபிலிமிலும் போட்டோ தாளிலும் உருவத்தைத் தாங்கிக்கொண்டு இருப்பது இந்த ஜெலட்டின்தான். கொஞ்சம் ஈரம் கிடைத்தால் பூஞ்சை பந்தியில் உட்கார்ந்துவிடும். நம் வீட்டு ஆல்பங்களில் தாத்தாவின் முகத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்குமே, அது இந்த விருந்தின் மிச்சம்தான். இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையை 1960-ல் அரசு நிறுவியபோது, வெயிலும் புழுதியும் இல்லாத ஊட்டியைத் தேர்ந்தெடுத்ததும் சும்மா இல்லை.

1975-ல் கோடக் கம்பெனியின் இளம் என்ஜினீயர் ஸ்டீவன் சாசன், ஃபிலிமே இல்லாத கேமராவைச் செய்தார். எடை 3.6 கிலோ. படத்தில் மொத்தம் 10,000 புள்ளிகள். ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடிகள்! அங்கிருந்து கிளம்பிய டிஜிட்டல் அலை கடைசியில் கோடக்கையே புரட்டிப்போட்டது. 2012-ல் அந்தக் கம்பெனி திவால் மனு கொடுத்தது.

‘ஃபிலிம் போனது, ஜெலட்டினும் போனது. இனி பூஞ்சைக்கு என்ன வேலை?’ என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஃபிலிம்தான் போனதே தவிர, லென்ஸ் அப்படியேதானே இருக்கிறது? லென்ஸுக்குள் இருக்கும் நுண்ணிய தூசு, மசகு எண்ணெய், நம் விரல் ரேகை... இது போதும் பூஞ்சைக்கு. சிலந்தி வலை மாதிரி இழை இழையாகப் பரவும். அது கக்குகிற அமிலம், கண்ணாடி மேல் பூசியிருக்கும் பூச்சை அரித்துவிடும். அரித்தபின் துடைத்தாலும் தழும்பு போகாது.

சரி, ஆயாவிடம் வருவோம்.

வெட்கத்தில் ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் பக்கமே போகவில்லை. ‘அசல் படம்தான் பத்திரமாக இருக்கிறதே, இன்னொரு முறை எடுத்துக்கொள்ளலாம்’ என்று எனக்கு நானே சமாதானம். 2010 தை மாதம், எல்லாம் சரிபார்த்துக்கொண்டு மறுபடி குண்டூர் நாட்டுக்குப் போனேன்.

ஆயா ஒன்றும் பேசாமல் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். நான் கொடுத்த அதே பிளாஸ்டிக் கவர். உள்ளே, படம் கவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பேரன் பிரிக்கப் பார்த்திருக்கிறான். முகம் இருந்த இடம் தோலுரிந்து கவர் பக்கம் வந்துவிட்டது. மிச்சத்தில் பூஞ்சை.

ஐப்பசி மழையின் ஈரக்காற்றையும் சேர்த்து உள்ளே போட்டு மூடிவிட்டு வந்தவன் நான். வெளியே போக வழியில்லாமல் அந்த ஈரம் இரண்டு மழைக்காலம் உள்ளேயே உட்கார்ந்து, ஜெலட்டினை ஊறவைத்துக் கூழாக்கிவிட்டது.

ஆயா கோபப்படவில்லை. மெல்லிய குரலில் சொன்னார்: “அடுப்புக்கு மேல பரண்ல இருந்த வரைக்கும் அவரு நல்லாத்தான் தம்பி இருந்தாரு.”

எனக்கு யாரோ பொறியில் அறைந்த மாதிரி இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் படத்தைக் காப்பாற்றியது அந்தப் பரண்! விதைச் சோளத்தையும் கேழ்வரகையும் அடுப்புக்கு மேலே வைப்பது மலைவீட்டு வழக்கம். கீழே தினமும் எரிகிற அடுப்பின் கதகதப்பு ஈரத்தை அண்டவிடாது, புகை பூச்சியை அண்டவிடாது. அந்தக் கால ஸ்டுடியோக்காரர்கள் கேமரா அலமாரிக்குள் ஒரு சின்ன பல்பை எரியவிட்டு வைப்பார்களே, அதே தத்துவம்தான். இன்று ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்குகிற ‘டிரை கேபினட்’டும் இதே வேலையைத்தான் செய்கிறது. நான் ‘புகை படியுது’ என்று குறை சொன்னது, மலை கண்டுபிடித்து வைத்திருந்த டிரை கேபினட்டை!

அன்றிலிருந்து என் கேமராவை நான் நடத்துகிற விதமே மாறிவிட்டது. நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் கேமராவைத் தோல் உறையிலோ, பையிலோ மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். தோலும் பஞ்சும் ஈரத்தைக் குடித்துவைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். சிலிக்கா ஜெல் இல்லாத டப்பா, நான் கொடுத்த பிளாஸ்டிக் கவருக்குச் சமம்! நீல மணிகள் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். மறுபடி சூடாக்கினால் நீலமாகும். ஆனால் சமையல் வாணலியில் போட்டு வறுக்காதீர்கள். நீலத்துக்குக் காரணம் கோபால்ட் குளோரைடு, நஞ்சு. ஆரஞ்சு நிற மணிகள் கிடைத்தால் நல்லது. ஈரப்பதம் காட்டும் மீட்டர் ஒன்றையும் உள்ளே போட்டுவிடுங்கள். 40-லிருந்து 50 சதவிகிதம் சரியான அளவு. 60-ஐத் தாண்டினால் உஷார். ரொம்பக் காய்ந்துபோனாலும் ரப்பருக்கும் மசகு எண்ணெய்க்கும் ஆகாது.

வாரத்துக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள். பூட்டி வைத்த கேமராதான் சீக்கிரம் கெடும்.

பயணம் கிளம்பும் முந்தின நாள் பரிசோதனை. லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கமாகப் பாருங்கள். நூலிழை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள், மற்ற லென்ஸ்களோடு சேர்த்து வைக்காதீர்கள். துவாரத்தை எஃப் 16 அளவுக்குச் சுருக்கி, வெளுத்த வானத்தைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாப் படத்திலும் அதே இடத்தில் கறுப்புப் புள்ளி இருந்தால் சென்சாரில் தூசு.

லென்ஸைத் துடைக்கும் முன் ரப்பர் புளோயரால் தூசியை ஊதித் தள்ளுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். சட்டை நுனியால் நேராகத் துடைத்தால், ஒட்டியிருக்கும் மணல் துகளை வைத்து நீங்களே கண்ணாடியில் கோலம் போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

பேட்டரியை முழுசாக ஏற்றியோ, முழுசாக வடியவிட்டோ மாதக்கணக்கில் வைக்க வேண்டாம். பாதி சார்ஜ் போதும். உப்பிப்போன பேட்டரியை உடனே ஓரங்கட்டுங்கள். மெமரி கார்டை, பதிவாகும் விளக்கு அணைந்த பிறகுதான் உருவ வேண்டும். படங்களை இரண்டு இடங்களில் பிரதி எடுத்துச் சரிபார்த்துவிட்டு, கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். தவறி அழித்துவிட்டால், அந்த கார்டில் அதற்குமேல் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். மீட்க வழி உண்டு.

கடைசியாக, ஏ.சி.யிலிருந்து வெளியே போகும்போது கேமராவைப் பைக்குள்ளேயே வைத்து, ஜிப்பைத் திறக்காமல் காத்திருங்கள். முக்கியமான படமென்றால், எடுத்த இடத்திலேயே முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு நகருங்கள்.

கைபேசி கேமராவுக்கும் இதில் பாதி பொருந்தும்.

ஆயாவின் படம் என்னாயிற்று?

என்னிடம் இருந்த நாலு மங்கல் படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நாலாவது மட்டும் கொஞ்சம் பரவாயில்லை. லென்ஸ் அதற்குள் சற்றுச் சூடேறியிருக்கிறது! சேலத்தில் ஒரு தம்பி, கம்ப்யூட்டரில் வைத்து வெளுப்பைக் குறைத்து, கறுப்பை ஏற்றி, மீசையையும் கண்ணையும் மீட்டுக் கொடுத்தார். இரண்டு பிரதி போட்டேன். ஒன்றுக்கு ஃபிரேம். கண்ணாடியில் படம் ஒட்டாதபடி நடுவே அட்டை கொடுத்து இடைவெளி விடச் சொன்னேன்.

கொண்டுபோய்க் கொடுத்தபோது ஆயா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “பனிக்குள்ள நின்னு பாக்குற மாதிரி இருக்காரு” என்றார்.

ஃபிரேமைச் சுவரில் மாட்டினான் பேரன். இன்னொரு பிரதியை எங்கே வைப்பது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஆயா அதைத் துணியில் சுற்றிப் பரணில் செருகிவிட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.